நடுவில் இரண்டு தட்டு

...என் பெண்டாட்டியை வளையலைக் கழற்றச் சொல்கிறான், வாட்ச்சைக் கழற்றச் சொல்கிறான், சட்டைப் பையில் சாவிக்கொத்து இருந்தால் அதையும் தட்டில் போடணுமாம், ஏதோ ஆபரேஷனுக்குள் அனுப்புகிற மாதிரி. வந்ததிலிருந்தே இந்த ஒலிப்பதிவுக்காரனை எனக்குப் பிடிக்கவில்லை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நம் பேச்சை எங்கே கேட்கப் போகிறான்... ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன், இருபத்தேழு வருஷம் கழித்து இப்போதாவது அந்தப் பாட்டைப் பதிவு செய்யணும் என்று இந்தப் பாட்டுக் குழுவுக்குத் தோன்றியதே. நடுவில் வரும் இரண்டு கைத்தட்டலுக்குப் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பழைய ரசிகர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு பேர் எதற்கு? அன்றைக்குத் தட்டியவன் நான் ஒருத்தன். அதைக் கொக்கு தன் வாயால் சொல்லணும், பாட்டு வெளிவரும்போது அட்டையில் என் பேரைப் போடணும், அதற்காகத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். பாடுகிறவன் ஒற்றைக் காலில் நின்று பாடுவான், அதனால் கொக்கு, தலை நரைத்த பிறகு பேர் இன்னும் பொருந்திவிட்டது. டிரம்ஸ் அடிக்கிறவன் தொப்பியைக் கழற்றவே மாட்டான், அதனால் தொப்பி, அவன் உட்காரும் ஸ்டூலுக்கு மூன்று தடவை உறை தைத்துக் கொடுத்தவனும் நான்தான். லாரி சீட் தைக்கிற கை, இன்னும் ஒரு தையல் விடவில்லை, உள்ளே வந்ததும் அதைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன்.

அன்றைக்கு டயர் கிடங்கில் ஒரு மத்தியானக் கச்சேரி, நாற்பது பேர் இருந்தால் அதிகம், ரப்பர் நாற்றம், நான் இடது ஸ்பீக்கரை ஒட்டி நின்றிருந்தேன். அங்கேயே நின்று நின்றுதான் இடது காது போனது, போகட்டும், அவள் திட்டுவதற்கு வலது காது இருக்கிறதே... வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள், கிளம்புங்க என்று இழுத்துப்போக வந்தவள், வலது தோளை ஒட்டி முறைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு மேட்டில் ஏறுகிற நேரம் பார்த்துத் தொப்பியின் குச்சி கையைவிட்டுப் பறந்தது, எல்லாம் நின்றது, கொக்கு ஒற்றைக் காலில் வாயைத் திறந்தபடி... அப்போதுதான் டப், டப். இரண்டே தட்டு. தொப்பி மாற்றுக் குச்சியை எடுத்துவிட்டான், பாட்டு ஓடிவிட்டது. அடுத்த கச்சேரியில் அந்த இடத்தில் எல்லாரும் தட்டினார்கள், அதற்கடுத்து தொப்பியே இரண்டு கையையும் தூக்கிக் காட்ட ஆரம்பித்தான், தப்பு நடந்த இடமே பாட்டுக்கு அழகாகிப் போனது. சீட் தைக்க வந்த டிரைவர் ஒருத்தரையும் இந்தக் கதை சொல்லாமல் நான் விட்டதில்லை, சொல்லும்போதெல்லாம் அவள், "ஆமாமா, இவர் தட்டலேன்னா அவங்க இன்னமும் அங்கேயே நின்னுட்டிருப்பாங்க" என்பாள், அவ்வளவுதான் சொல்வாள்.

முதல் தடவை தட்டி முடித்துப் போட்டுக் கேட்டோம். கொக்கு மோவாயைச் சொறிந்தான். "ஏதோ குறையுதே."

"ஒண்ணும் குறையல சார், ஆறு பேரும் ஒரே நேரத்துல தட்டியிருக்காங்க, சுத்தமா இருக்கு" என்றான் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன்.

"அதான்ப்பா, ரொம்ப சுத்தமா இருக்கு. அன்னைக்குத் தட்டுனப்ப கூடவே என்னமோ கிலுகிலுன்னுச்சு."

நிஜம்தான், எனக்கும் அது ஞாபகம் இருக்கிறது, தட்டுக்குப் பின்னாலேயே சின்னதாக ஒரு சத்தம், இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தோடுதான் என் மண்டைக்குள் ஓடுகிறது... சாமான்களைக் கழற்றிப் போட்ட தட்டைப் பார்த்தேன், என் சாவிக்கொத்தும் அவள் வளையலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. சாவியாகத்தான் இருக்கும், சட்டைப் பையில் குலுங்கியிருக்கும், வேறென்ன... ஆனால் அப்போது எனக்கு ஏது சாவி, முதலாளி கடையில் கூலிக்குத் தைத்தவன், கடையை அவரே பூட்டித் திறப்பார், வீட்டுச் சாவி அவள் இடுப்பில்...

"எல்லாத்தையும் மாட்டிக்கிட்டுத் தட்டுவோம்" என்றான் கொக்கு. பிறகு என்னிடம், "அண்ணே, அட்டையில ரசிகர்னு ஒரு பேரு போடணும். உங்க பேரு போட்டுரட்டுமா?"

இதற்காகத்தானே வந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் வளையலை மாட்டிக்கொண்டிருக்கிறாள், கிலுகிலுவென்று. "சொல்லுங்களேன், ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தீங்க" என்கிறாள், சிரிக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

"கொஞ்சம் இருப்பா, இதைத் தட்டிட்டுச் சொல்றேன்" என்றேன்.

பாட்டு ஏறுகிறது, தொப்பி இரண்டு கையையும் தூக்கப்போகிறான், அவளோடு சேர்த்து மற்ற ஐந்து பேரும் கையை விரித்தாயிற்று, நானும்தான்... ஆனால் நான் ஒரு கண்ணிமைப்பொழுது பிந்தித் தட்டுவதாக இருக்கிறேன், வலது காதை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு.