சிரிக்காமல் வந்த பிணம்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு எழிலரசன் பிணத்தின் முகத்தோடு வீட்டுக்கு வந்தான். கன்னமெல்லாம் சாம்பல், உதட்டில் கருநீலம், கண்ணைச் சுற்றிக் கருப்பு. கதவைத் திறந்த மனைவி அஞ்சலாட்சிக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இந்த வேஷத்துக்கு அவனை அனுப்பி வைத்ததே அவள்தான்.

“மூஞ்சியக் கழுவிட்டு வரக் கூடாதா? இப்படியேவா ஊரு வழியா வந்த?”

“சைக்கிள்லதான வந்தேன். ஒரு நாய்கூட கொரைக்கல.”

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டிவியில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ‘கடைசி நாளுக்கு மறுநாள்’ என்று பெயர். மாமியார் கொடுமை கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது. ஒரு விடிகாலையில் பச்சையாய்ப் பனி இறங்கி ஊர் உலகத்தையே கொன்றுவிட, மிச்சமான ஆறு பேர் கடலோரமாக நடந்துகொண்டே இருப்பார்கள். எங்கேயோ ஒரு கப்பல் இருக்கிறதாம், அதில் ஏறினால் பிழைத்துக்கொள்ளலாமாம். புதுச்சேரியில் சாரம் பகுதியில் அவள் தெருப் பெண்கள் எல்லோரும், “இதென்னா கருமம், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஒரே பொணமா காட்டறான்” என்று சானலை மாற்றிவிடுவார்கள். அஞ்சலாட்சி மாற்ற மாட்டாள். அவளுக்கு ஆயிரம் கேள்வி. எல்லாரும் செத்துப்போன ஊரில் தெருவிளக்கு எப்படி எரிகிறது? அந்த ஆறு பேரும் யார் வீட்டு அரிசியைப் பொங்கித் தின்கிறார்கள்? பனி இறங்கிய நேரத்தில் பால்காரன் எந்தத் தெருவில் நின்றிருப்பான்? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே திங்கட்கிழமை குழம்பைத் தீயவிடுவாள்.

அப்பேர்ப்பட்ட தொடரின் பத்தொன்பதாவது வாரத்தைப் புதுச்சேரியிலேயே எடுக்கப்போகிறார்கள், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் பிணமாகப் படுக்க எட்டு ஆள் வேண்டும் என்று ஜானகிராமன் வந்து சொன்னால் அவள் விடுவாளா? ஜானகிராமன் மில்லில் எழிலரசனோடு வேலை பார்த்தவன். மில்லை மூடிய பிறகு ஷூட்டிங்குகளுக்கு ஆள் சேர்த்து விடுகிறான். எழிலரசனுக்கு ரெட்டியார்பாளையத்தில் ஒரு மரக்கடையில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. “நீ போய்யா. போயி அந்தக் கப்பல் இருக்கா இல்லியான்னு கேட்டுக்கிட்டு வா” என்று அவள் நச்சரித்த நச்சரிப்புத் தாங்காமல், டியூட்டி முடிந்த கையோடு நேராகத் துறைமுகத்துக்குப் போனான்.

போனவன் என்ன செய்தான் தெரியுமா? தூங்கிவிட்டான்.

மீன் ஏலம் விடுகிற சிமெண்டுத் தரை, கழுவி விட்டதில் ஜில்லென்று இருந்திருக்கிறது. கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து, “கண்ண மூடுங்க, மூச்ச அடக்குங்க” என்றார்களாம். கதைப்படி கதாநாயகி செத்தவன் கையிலிருந்து அந்தச் சாவியை எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க முழித்திருந்தவன் கண்ணை மூடினால் என்ன ஆகும்? அவள் சாவியை எடுத்ததும் தெரியாது, இன்னொரு தரம் எடுப்பதற்காகத் திரும்ப அவன் கையில் திணித்ததும் தெரியாது. பிறகு, முதலில் எடுத்ததே நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் படகுப் பக்கம் போய்விட்டார்கள். வெயில் ஏறி, மீன் வாங்க வந்த ஒரு கூடைக்காரி அவனைப் பார்த்து “ஐயய்யோ, பொணம்!” என்று கூடையைப் போட்டுவிட்டு அலறியதில்தான் எழுந்தானாம்.

அஞ்சலாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. எழிலரசன் அப்படிச் சட்டென்று சிரிக்கிற ஆள் இல்லை.

அவன் குளித்துவிட்டு வருவதற்குள் ஜானகிராமன் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான்.

“உன் வூட்டுக்காரரு மாதிரி ஒரு பொணத்த டைரக்டரு பார்த்ததே இல்லியாம். ஆனா பாரு அஞ்சல, எங்க ஏழு பேரையும் சிரிக்க வுட்டு புடிச்சாங்க. இவரு மட்டும்தான் பாக்கி.”

“சிரிக்க வுட்டா? எதுக்கு?”

“அது ஒரு வழக்கம். பொணமா நடிச்சவன் எழுந்து உக்காந்து கேமராவப் பார்த்து சிரிச்சிடணும். அதையும் புடிச்சிடுவாங்க. சிரிக்காம போனா, கேமராவப் பொறுத்தவரைக்கும் ஆளு போனது போனதுதானாம்.”

அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. வருகிற புதன்கிழமை எழிலரசனுக்கு ஆபரேஷன். பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன்தான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எழிலரசனின் அண்ணன் கிருஷ்ணசாமிக்கும் மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள், அவர் கண் திறக்கவே இல்லை. அதைப் பற்றி எழிலரசன் வாயே திறந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

“யோவ்” என்றாள், துண்டோடு வந்தவனிடம். “நீ போயி சிரிச்சிட்டு வந்துடு.”

காரணத்தைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழிலரசன் கருப்புச் சட்டைக்காரன். ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டவன், அதுவும் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றி. பதினெட்டு வருஷமாகப் பூனை குறுக்கே போனால் வேண்டுமென்றே வெளியே கிளம்புகிறவன்.

“கண்ணாடிப் பொட்டிக்கு பல்லக் காட்டுனா உயிரு நிக்குமா? படிச்சவன் கேட்டா காறித் துப்புவான். சிரிக்க மாட்டேன், போ.”

அவன் பேண்டை அவள் கோபத்தோடு உதறினாள். தூங்கி எழுந்த கலக்கத்தில் அவன் பையில் போட்டுக்கொண்ட சாவிக்கொத்து கலகலவென்று தரையில் விழுந்தது.

“அடப்பாவி, இதத்தான காலையிலிருந்து தேடறானுங்க!” என்றான் ஜானகிராமன். “அந்தப் பொண்ணு இதாலதான் குடோனத் தொறக்கணும். சாயந்திரம் பேக்கப்பு, எல்லாரும் கெளம்பிடுவாங்க.”

எழிலரசனின் முகம் மாறிவிட்டது. சாவி விஷயத்தில் அவன் வாட்ச்மேன். அடுத்தவன் சாவி தன் வீட்டில் கிடக்கிறதாவது! பிரியாணியை மூடி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினான். “நானும் வரேன்” என்று அஞ்சலாட்சி சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

துறைமுகத்தைப் பார்த்ததும் வந்த வேலை அவளுக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது. டிவியில் பார்த்த அதே செத்த ஊர் இங்கே கண் முன்னால் கிடந்தது. படகுகளின் மேல் சாம்பலைத் தூவி வைத்திருந்தார்கள். ஒருத்தன் குழாய் வைத்த டப்பாவிலிருந்து பச்சைப் புகை விட்டுக்கொண்டிருந்தான். அட, இதுதானா அந்தப் பனி! பதினெட்டு வாரமாகப் பட்டினி கிடக்கும் கதாநாயகி, கிழிந்த துணியோடு படகில் சாய்ந்துகொண்டு மசால்வடை தின்றாள். சாவியைப் பார்த்ததும் கோபிநாத் என்கிற உதவி டைரக்டர் ஓடி வந்து எழிலரசன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“தம்பி, அந்தக் கப்பல் இருக்கா இல்லியா?” என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

“எனக்கே தெரியாதுக்கா. இன்னும் எழுதல.”

“எழுதாமயா இத்தினி பேர நடக்க வுட்டிருக்கீங்க?”

அவன் தலையைச் சொறிந்தான். அவள் விடாமல் சிரிப்பு விஷயத்தைச் சொன்னாள். கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன், நரைத்த மீசைக்காரர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏழுதான் புடிச்சமா? எட்டு இல்ல?” அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “முப்பது வருஷமா ஒரு பொணத்தையும் நான் சிரிக்காம அனுப்புனதில்லம்மா. சார், வாங்க சார். ஒரு நிமிஷம். அந்த எடத்துல உக்காந்து சும்மா சிரிங்க.”

“மன்னிக்கணும். எனக்கு இதுல நம்பிக்கை இல்ல” என்றான் எழிலரசன்.

“எனக்கு இருக்கே சார்!”

டைரக்டர் கெஞ்சினார். மேக்கப் போட்ட பையன் ஒரு ஜோக் சொன்னான். கோபிநாத் குரங்கு மாதிரி குதித்துக் காட்டினான். எழிலரசன் கைகட்டி நின்றான், வாய் ஒரு கோடாக. இந்த மனுஷனுக்கு எதைக் காட்டினால் சிரிப்பு வரும் என்று அஞ்சலாட்சி யோசித்துப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் கூட இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரமும் வந்தது.

“சரிய்யா” என்றாள். “இதெல்லாம் ஒண்ணுமில்ல, வெறும் நடிப்பு. அவ்ளோதான? அப்ப எனக்கும் ஒண்ணுமில்ல.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலையில் அவன் கிடந்த இடத்திலேயே மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடினாள். சுப்பிரமணியன், கைப்பழக்கமோ என்னவோ, கேமராவை ஓடவிட்டார். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

முதுகில் ஈரம் ஏறியது. மீன் வாசம். எங்கேயோ ஒரு படகு இன்ஜின் இருமிவிட்டு நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டாள். செத்தவர்களுக்கு இப்படித்தான் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்குமோ என்று, அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு யோசனை.

“எழுந்திரு. மானத்த வாங்காத” என்றான் எழிலரசன்.

அவள் அசையவில்லை.

“அஞ்சல. விளையாடாத.”

காகம் கத்தியது. யாரோ நடந்து வந்து அவள் பக்கத்தில் மண்டி போடுவது தெரிந்தது. தோளில் ஒரு கை.

“அஞ்சல... எழுந்திரும்மா.”

அம்மா என்று அவன் அவளைக் கூப்பிட்டதே இல்லை. அந்தக் குரலை அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த அன்றைக்கு. அன்றைக்கும் அவன் இப்படித்தான் தோளைத் தொட்டு, “எழுந்திருண்ணா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனாலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“எழுந்திரு. சிரிச்சிட்டு எழுந்திரு. கேமராவப் பார்த்து சிரி. சிரின்றேன் இல்ல!”

“நீ மொதல்ல” என்றது பிணம், உதட்டை அசைக்காமல்.

எழிலரசனின் தொண்டையிலிருந்து என்னவோ கிளம்பியது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால், மனுஷன் சிரிக்கிறான். கன்னத்தில் கண்ணீர் ஓட, காவிப் பல் அத்தனையும் தெரிய, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். அவளும் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். “ரெண்டு பேரும் இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!” என்று சுப்பிரமணியன் கத்தினார்.

திரும்பி வரும்போது, “நம்பிக்கை வந்து ஒண்ணும் சிரிக்கல” என்றான் எழிலரசன்.

“வந்துச்சின்னு யாரு சொன்னா? மிதி.”

புதன்கிழமை ஆபரேஷன் ஒரு மணி நேரம் என்றார்கள், இரண்டரை மணி நேரம் ஆனது. அஞ்சலாட்சி பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஆறு பேரையும் மனசுக்குள் சாரம், ரெட்டியார்பாளையம் என்று நடக்க வைத்துப் பார்த்தாள். விழுப்புரம் ரோட்டைத் தாண்டுவதற்குள் கதை அறுந்து அறுந்து போனது. ஒருவழியாகக் கதவைத் திறந்து அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பச்சைத் துணி. வெளுத்த கன்னம். உதட்டில் கருநீலம் இல்லை, ஆனால் மற்றதெல்லாம் அன்றைக்கு வாசலில் பார்த்த அதே முகம். நல்லா நடந்துச்சும்மா, மயக்கம் தெளிய நேரம் ஆகும் என்று நர்ஸ் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவன் காதருகில் குனிந்தாள்.

“யோவ். ஷாட் முடிஞ்சிடுச்சி. எல்லாரும் போயாச்சி. சிரிச்சிட்டு எழுந்திரு.”

இன்னும் நாலு எட்டு நடந்தாள்.

“சிரிய்யா.”

கண் திறக்கவில்லை. காய்ந்துபோன உதடு மட்டும் ஒரு பக்கமாக மெல்ல இழுத்தது. காவிப் பல் இரண்டு தெரிந்தது.

அஞ்சலாட்சி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. “இது ஆஸ்பத்திரிம்மா, சத்தம் போடாதீங்க” என்று நர்ஸ் அதட்டினாள். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இன்னொரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள், கண்ணைத் துடைக்கக் கை மிச்சமில்லை.