வெளியே போய்க் கேட்காதே

முதல் குழந்தை சுகப்பிரசவம். அதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. கத்தி படவில்லை, மருமகள் மாமியார் வழியிலேயே பெற்றுவிட்டாள். குழந்தை அழவில்லை என்பதைக் கவனிக்கத்தான் அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பெற்றவளைக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் உச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கம்பிக்கட்டுகளைத் தூக்கி இறக்குகிறவள். கீழே நின்று அவளுக்குக் கை காட்டுகிறவன் அவள் புருஷன். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம். தூக்கு, திருப்பு, மெள்ள இறக்கு. காற்று பலமாக அடித்தால் நிறுத்து என்று காட்டிவிடுவான்; இன்ஜினியர் தாம்தூம் என்று குதித்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். அந்தத் துணிவைப் பார்த்துத்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

அப்பேர்ப்பட்டவன் பிரசவ அறையில் கோட்டை விட்டான். குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, ஆபரேஷன் பண்ணியாக வேண்டும் என்று டூட்டி டாக்டர் சொன்னதும், "ஒரு நிமிஷம், அம்மாவைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று வெளியே போனான். அங்கே பெஞ்சில் அவன் அம்மா, அதாவது உச்சியின் அத்தை, பெற்ற பிள்ளைகள் அத்தனையும் சுகப்பிரசவம் என்ற பெருமையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் இப்படித்தான்டா இழுத்துச்சு. பொறுத்தா தானா வந்துடும்னு சொல்லு. கத்தி போட்ட புள்ளைக்கு பலம் இருக்காது."

அவன் உள்ளே வந்து சொன்னான். டாக்டர் சத்தம் போட்டார். மறுபடி வெளியே போனான். இப்படி நடையாய் நடந்துகொண்டிருந்தபோதே குழந்தை பிறந்துவிட்டது. அத்தை சொன்னபடி தானாகத்தான் வந்தது. மூச்சு மட்டும் வரவில்லை.

"புள்ளை தங்கலை, என்ன பண்றது. ஆனா சுகப்பிரசவம்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் உச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால் இரண்டாவது முறை உண்டானதும் ஒற்றைக்காலில் நின்றாள். எட்டாம் மாதம் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள்.

"எனக்கு ஆபரேஷன்தான் வேணும். இன்னிக்கே எடுத்தாலும் சரி."

டாக்டரம்மா அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். "தலை கீழ திரும்பியிருக்கு. துடிப்பு நல்லா இருக்கு. எதுக்கு வெட்டணும்? நாள் வர்றதுக்கு முன்னாடி எடுத்தா குழந்தைக்கு மூச்சுத் திணறும். வலி வந்து பொறந்தா நுரையீரல்ல இருக்கற தண்ணி வத்தி நல்லா மூச்சு விடும்."

"அப்ப எங்க அத்தை சொன்னதுதான் சரிங்கறீங்களா?" அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில்தான்.

"யார் சொன்னா? காரணம் இல்லாம வெட்டறதும் தப்பு, காரணம் வந்தப்புறம் வெட்டாம உக்காந்திருக்கறதும் தப்பு. போன தடவை காரணம் வந்துச்சும்மா."

உச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்தியா இல்லையா என்பதற்காகத்தான் சண்டைக்கு வந்திருந்தாள். சண்டை அங்கே இல்லை என்று இப்போது தெரிந்தது.

"சரி. காரணம் வந்தா யாரைக் கேப்பீங்க?"

"வழக்கமா வீட்டுக்காரர், பெரியவங்க..."

"என்னைக் கேளுங்க. பேச்சு அந்தக் கதவைத் தாண்டி வெளிய போகக்கூடாது. கையெழுத்து வேணும்னா இப்பவே போடறேன்."

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடமும் சொன்னாள். "ஏங்க, உள்ள வந்தா உள்ளயே இருங்க. வெளிய போய்க் கேட்டீங்கன்னா, அப்படியே வெளியிலயே இருந்துக்கலாம்."

"அம்மா மனசு கஷ்டப்படும்" என்று அவன் மென்று முழுங்கினான்.

"படட்டும்."

வலி ஒரு காலை நேரத்தில் வந்தது. இந்த முறை அவள் முக்கினாள், முனகினாள், நர்ஸைத் திட்டினாள், தண்ணீர் கேட்டாள். டாக்டரம்மா சொன்னபடியே எல்லாம் நடந்தது, மதியம் வரைக்கும். அதன்பிறகு வயிற்றில் கட்டியிருந்த கருவியில் கேட்ட குழந்தையின் துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் தளர ஆரம்பித்தது. வலி போன பின்னும் அது பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் கவனித்தார். "இப்ப காரணம் வந்துடுச்சும்மா" என்றார்.

புருஷனின் முகம் வெளுத்துப்போனது. மனிதன் எதையும் நினைத்துச் செய்யவில்லை, பாவம். பழக்கதோஷம், கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. உச்சிக்குக் கத்த மூச்சில்லை. கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை அறுக்கிற மாதிரி பக்கவாட்டில் வீசினாள்.

நிறுத்து. வேலையிடத்தில் மற்ற சைகைகளை அவன் ஒருவன்தான் காட்டலாம். இந்த ஒன்றை மட்டும் யார் காட்டினாலும், மண் சுமக்கிறவர் காட்டினாலும், உடனே நின்றுவிட வேண்டும். ஏன் எதற்கு என்பதெல்லாம் அப்புறம்.

அவன் நின்றான்.

"எடுங்க டாக்டர்" என்றாள் உச்சி.

அதே நேரம் கதவு கொஞ்சம் திறந்தது. அத்தை தலையை நீட்டினாள். "என்னடா சொல்றாங்க? அவசரப்படாதீங்க, நான்..."

"முடிவு பண்ணியாச்சும்மா" என்றான் அவன். அம்மாவின் கண்ணை அவன் பார்க்கவில்லை. ஆனாலும் கதவைச் சாத்தினான்.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி இறுகச் சுற்றியிருந்ததாம். முதலில் ஒரு விக்கல், பிறகு அறையே அதிரும்படி ஒரு அலறல். மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். "நான் சொன்னேன்ல, கத்தி போட்ட புள்ளை" என்று அத்தை வராந்தாவில் புலம்பினாள். மறுநாள் மூச்சு சீராகிக் குழந்தை அம்மாவின் மடிக்கு வந்தது. அது பாலைக் குடித்த வேகத்தில் அவளுக்கு வலிக்கவே செய்தது. அத்தை அதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

அப்போது அத்தையின் போன் அடித்தது. அவளுடைய அக்கா. அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி.

"இல்லக்கா, நார்மல் இல்ல. ஆபரேஷன்தான்... என்ன பண்றது, சொன்னா யாரு கேக்கறா..."

உச்சிக்குத் தையல் போட்ட இடம் சுரீர் என்று இழுத்தது. பொருட்படுத்தாமல் கையை நீட்டினாள். "குடுங்க அத்தை."

அத்தை தயங்கினாள். நீட்டிய கை இறங்குவதாக இல்லை. கொடுத்தாள்.

"பெரியத்தை, நான்தான் பேசறேன். ஆபரேஷனா நார்மலான்னு கேட்டீங்க. புள்ளை எப்படி இருக்குன்னு கேக்கவே இல்லையே."

உச்சி குழந்தையை மார்பிலிருந்து விலக்கினாள். வாயில் இருந்த பாலைப் பிடுங்கினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? வீல் என்று கத்தியதில் அடுத்த கட்டிலில் இருந்தவளே திரும்பிப் பார்த்தாள். உச்சி போனை அந்தச் சின்ன வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"கேக்குதா பெரியத்தை? நல்லா கேளுங்க."

வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள். அத்தை போனைத் திருப்பிக் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.