மூத்தாளின் சாட்சி

உரலில் மாற்றி மாற்றி விழுந்துகொண்டிருந்த இரண்டு உலக்கைகளில் ஒன்று நின்றது. செல்லி தன் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"எந்தப் பாவிக்கா போய்ச் சொன்னது அந்த பாஸ்டர் ஐயா கிட்ட? எனக்கு அது மட்டும் தெரியணும்."

பெரியம்மாள் சாமையைக் குத்திக்கொண்டே இருந்தாள். உமி பறந்து முகத்தில் அடித்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"ஒரு வருசமா வந்து போறாரு. நா உன் கூடப் பொறந்த தங்கச்சி, புருசன வுட்டுட்டுக் கொழந்தயோட வந்து இருக்கறவன்னு நெனச்சிக்கினு இருந்தாரு. நெனச்சிட்டுப் போவட்டும்னு நாமளும் வுட்டுட்டோம். யாருக்கு இன்னா நஷ்டம்? திடீர்னு யாருக்கு வாய் அரிச்சிது?"

"குத்துடி. வெயில் ஏறுது."

"நீயே கேட்டுச் சொல்லுக்கா. உன்கிட்டதான் அவரு நல்லாப் பேசுவாரு."

நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சு பெரியம்மாளுக்கு வரவில்லை. செல்லி மறுபடியும் உலக்கையை எடுத்தாள். இந்த வீட்டில் அவளுக்கு இருக்கப்போவது இன்னும் இரண்டு மூன்று நாள்தான். அதற்காக வேலையை விட்டுவிடுகிற பெண் இல்லை அவள்.

சக்கரவர்த்திக்குப் பேரில்தான் ராஜ்யம். மேட்டில் கொஞ்சம் சாமைக்காடு, நாலு புளியமரம், இரண்டு மனைவி, அவ்வளவுதான் அவன் ஆஸ்தி. மூத்தாள் பெரியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. எத்தனையோ வேண்டுதலுக்குப் பிறகு அவளே வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு நெல்லிவாசல்நாட்டுக்கு நடந்துபோய், சடையன் மகள் செல்லியைப் பெண் கேட்டாள். மூத்தாளே வந்து கேட்டால்தான் இளையாளுக்கு மரியாதை என்பது அந்த மலையின் வழக்கம். சக்கரவர்த்திக்கு உடன்பிறந்தவள் கிடையாது. ஆகையால் செல்லியின் கழுத்தில் தாலி முடிச்சைப் போட்டதும் பெரியம்மாளின் கைதான். மறு வருஷம் பாஞ்சாலை பிறந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டித் தூளியில் போடுவது பெரியம்மாள். பால் கொடுக்க மட்டும் செல்லி வந்து வாங்கிக்கொள்வாள்.

ஊரார் கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே! குழந்தை "யம்மா" என்று செல்லியின் பக்கம் தாவும்போதெல்லாம் பெரியம்மாளின் வயிறு எரியும். எரிந்ததை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கையில்தான் வயிற்றுவலி என்று அவள் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வெள்ளைச் சேலை நர்ஸம்மா அவளை பெஞ்சில் உட்காரவைத்து, பேரைக் கேட்டு, "வாங்க பெரியம்மா" என்று கூப்பிட்டாள். கீழ்நாட்டுக்காரர்கள் யாரும் மலைக்காரியை அதுவரை 'வாங்க' என்று சொன்னதில்லை. சந்தைக்குப் புளி கொண்டு போனால் "ஏ மலைக்காரி" என்பதுதான் வழக்கம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் மிஷன் கோயிலுக்குப் போனாள், பாட்டுக் கற்றாள், புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். சக்கரவர்த்தி சாராயத்தை விட்டான். குடித்துவிட்டு இரண்டு பேரையும் சேர்த்து அடிக்கிற வழக்கமும் அதோடு போயிற்று. இயேசுசாமி அந்த வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மற்றதெல்லாம் மனுஷர்கள் பார்த்த வேலை.

போன மாதம் பெண்கள் கூட்டத்தில் பாஸ்டர் பாக்கியநாதன் சொன்னார்: "ஞானஸ்நானத்துக்கு முன்னால உள்ளத்துல இருக்கிற பாவத்தை எல்லாம் அறிக்கை செய்யணும். ஒண்ணையும் மறைக்கக் கூடாது." பெரியம்மாள் எழுந்தாள். "என் சக்களத்தி மேல எனக்குப் பொறாமை, சாமி. அவ புள்ள பெத்தவ, நா பெறாதவ. ஒருநாளு அவ எங்கியாவது போயிட்டா நல்லா இருக்கும்னுகூட நெனச்சேன். என்ன மன்னிக்கணும்" என்று அழுதாள். அழுது முடித்ததும் பஞ்சு போல லேசாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பாஸ்டரின் முகம் மாறியிருந்தது.

"சக்களத்தியா? செல்லி உன் தங்கச்சி இல்லையா?"

அங்கே ஆரம்பித்தது வினை. சபையில் சேர வேண்டுமானால் ஒருவனுக்கு ஒருத்திதான். மூத்தவள்தான் மனைவி. இளையவளைத் தீர்த்து அனுப்பிவிட்டால் வருகிற ஈஸ்டருக்கு சக்கரவர்த்திக்கும் பெரியம்மாளுக்கும் ஞானஸ்நானம். குழந்தை தகப்பனோடு இருக்கலாம்.

பெரியம்மாள் பதறிப்போய் மறுநாளே பாஸ்டர் வீட்டு வாசலில் நின்றாள். "ஐயா, அவ எங்கியும் போவ வேணாம். நா பொறாமைய வுட்டுட்டேன்."

பாக்கியநாதன் கெட்டவர் இல்லை. ஜுரத்தில் கிடந்த பாஞ்சாலையைத் தோளில் போட்டு மழையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர். அவர் கண்ணும் கலங்கியது. "சட்டம் நான் போட்டதில்லம்மா, சபை போட்டது. ஒண்ணு சொல்றேன், கேளு. நீ பிள்ளைக்காக எவ்வளவு அழுது ஜெபம் பண்ணின? இனிமே பாஞ்சாலைக்கு நீ ஒருத்திதான் அம்மா. கர்த்தர் கேட்டுட்டாரு, சந்தோஷப்படு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு நெஞ்சில் முள் ஏறியது. அவள் கூட்டத்தில் எழுந்து அந்தச் சாட்சி சொன்னதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவர் ஆதாம் கதையைப் பிரசங்கித்திருந்தார். ஆண்டவர் ஒரே ஒரு விலா எலும்பை எடுத்து ஒரே ஒரு ஏவாளைத்தான் செய்தார் என்று விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அதைக் கேட்டுவிட்டுத்தானே அடுத்த வாரம் வாயைத் திறந்தோம்? அறியாமல் சொன்னோமா, அறிந்தே சொன்னோமா? கிணற்றில் நீர் இறைக்கும்போதும் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் இதே கேள்விதான். பதில் தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. பாதி தெரிந்துதான் சொன்னாள்.

புருஷனிடம் பேசிப் பார்த்தாள். சக்கரவர்த்தி தலையைக் குனிந்துகொண்டு, "அவள அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா? முழுக்கு எடுக்கலன்னா நா மறுபடியும் குடிச்சிடுவேன். என்ன எனக்குத் தெரியும்" என்றான். பயந்த மனுஷன். பயத்துக்கு விலையாக வேறொருத்தியின் வாழ்க்கையைக் கொடுப்பதில் ஆண்களுக்கு எப்போதும் தாராளம்.

வியாழக்கிழமை ஊர் கூடியது. அந்த மலையில் புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால் துரும்பு கிள்ள வேண்டும். வீட்டுக் கூரையிலிருந்து ஒரு புல்லை உருவி, ஊர்க்கவுண்டர் முன்னால் குற்றத்தைச் சொல்லி, அதை இரண்டாகக் கிள்ளிப் பெண்ணின் அப்பன் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஊரில் நடக்கிற பூசை, பொங்கல், படையல் எல்லாம் பிசாசின் காரியம் என்று ஒதுங்கிப் போகிற பாஸ்டர், இந்த ஒரு சடங்குக்கு மட்டும் சாட்சியாக வந்து பலாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சபைக் கமிட்டிக்கு அவர் பதில் சொல்ல வேண்டுமே!

செல்லி தன் சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலை மூட்டையின் முடிச்சை அவிழ்த்து விளையாடியது.

"எம் பொண்ணு இன்னா குத்தம் பண்ணா? அதச் சொல்லிட்டு அறுங்க" என்றான் சடையன்.

ஊர்க்கவுண்டர் வீரன் தொண்டையைக் கனைத்தார். "குத்தம்னு ஒண்ணும் இல்ல சடையா. இவங்க வேதத்துல சேர்றாங்க. அங்க ரெண்டு ஆவாதாம்." பிறகு பெரியம்மாளைப் பார்த்தார். "நீதான பொண்ணு கேட்டு இட்டாந்தவ. நீயே துரும்ப உருவிக் குடு."

பெரியம்மாள் எழுந்துபோய் மஞ்சம்புல் கூரைக்குள் கைவிட்டாள். உருவினாள். மறுபடியும் ஒன்றை உருவினாள். இரண்டையும் கொண்டுவந்து சக்கரவர்த்தியின் கையில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு ரெண்டு?" என்றான் அவன்.

"எனக்கும் சேத்துக் கிள்ளு."

கூட்டம் சலசலத்தது. பாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அம்மா, உன்னை யாரும் போகச் சொல்லலையே! நீதானே மனைவி?"

"குத்தம் சொல்லாம துரும்பு கிள்ளக் கூடாது" என்றார் வீரன். "உன் மேல இன்னா குத்தம்?"

பெரியம்மாள் செல்லியின் பக்கம் திரும்பினாள். ஊருக்குச் சொல்வதைவிட அவளுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"யாரு சொன்னதுன்னு கேட்டியே, நாந்தான்டி சொன்னேன். நீ போயிட்டா கொழந்த எனக்குன்னு ஒரு நெனப்பு இருந்திச்சி. அதோடதான் சொன்னேன்." பிறகு வீரன் பக்கமும் பாஸ்டர் பக்கமும் திரும்பினாள். "குத்தம் பண்ணவ நானு. என்ன வூட்ல வெச்சிக்கினு, ஒண்ணும் பண்ணாதவள மூட்ட கட்டச் சொல்றீங்க. இது ஊரு நாயமா, வேதத்து நாயமா? ரெண்டு பேருமா சொல்லுங்க."

வீரன் பாஸ்டரைப் பார்த்தார், பாஸ்டர் தரையைப் பார்த்தார். சக்கரவர்த்தி இரண்டு துரும்பையும் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் கையை விரித்துக் கீழே விட்டுவிட்டான். "என்னால ஆவாது, ஐயா. மன்னிச்சிக்கங்க" என்றான். அவன் வாழ்க்கையில் குடிக்காமல் எடுத்த முதல் தைரியமான முடிவு அதுதான்.

சடையன் மகளைக் கூப்பிட்டுப் பார்த்தான். "நா வர்லப்பா. நீ போய்ட்டு வா" என்று செல்லி மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

போனாளே தவிர பெரியம்மாளோடு பேசவில்லை. குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை. உரலிலும் அவள் குத்தி முடித்த பிறகுதான் பெரியம்மாள் குத்த வேண்டியிருந்தது. பெரியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். அவள் செய்ததற்கு இதுகூடக் குறைவு என்றே அவளுக்குப் பட்டது. ஒருநாள் புளி தட்டிக்கொண்டிருக்கும்போது செல்லி தானாகவே வாயைத் திறந்தாள்.

"எனக்கும்தான் உன் மேல பொறாம. ஊரே உன்ன மூத்தாளு மூத்தாளுன்னு தூக்கி வெச்சிக்கும். நா இன்னா கோயில்ல போயி சொல்லிக்கினா இருந்தேன்?"

பெரியம்மாள் அழுதாள். செல்லி எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கிவந்து அவள் மடியில் வைத்துவிட்டு மறுபடியும் புளியைத் தட்டினாள்.

ஈஸ்டர் வந்தது. ஞானஸ்நானப் பட்டியலில் சக்கரவர்த்தி, பெரியம்மாள் பேரை அடித்துவிட்டு, மற்றவர்களுக்கு ஓடையில் முழுக்குக் கொடுத்தார்கள். பேர் நீக்கப்பட்டவர்கள் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வசனம் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. சக்கரவர்த்தி ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தான். பெண்கள் பக்கம் பாயில் பெரியம்மாள், பக்கத்தில் முதல்முறையாகக் கோயிலுக்கு வந்த செல்லி, இருவருக்கும் நடுவில் பாஞ்சாலை.

பாட்டு முடிந்து திருவிருந்து தொடங்கியது. பாஸ்டர் ரொட்டித் தட்டோடு வரிசையாக வந்தார். புதிதாக முழுக்கு எடுத்த பெண்கள் ஈரத்தலையோடு கை நீட்டினார்கள். நேற்றுவரை அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் பெரியம்மாள். தட்டு அவள் அருகே வந்தபோது பாஸ்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஓரடி தள்ளி நடந்தார்.

செல்லிக்குக் கோயில் பழக்கம் கிடையாது. காட்டில் பேசுகிற குரலிலேயே கேட்டாள்.

"ஏங்க்கா, எல்லாருக்கும் குடுத்துக்கினு போறாரு, நம்மளுக்கு இல்லியா?"

எல்லாத் தலையும் திரும்பியது. பெரியம்மாளும் குரலைத் தாழ்த்தவில்லை.

"இல்லடி. உன்னத் தொரத்திட்டு வந்திருந்தா எனக்குக் குடுத்திருப்பாங்க."