லாட் நம்பர் பதினொன்று

ரமீஸா தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்திரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். வகுப்பில் லேப்டாப் வைத்துப் பாடம் நடத்தும்போது வரும் சந்தேகங்களைக் கேட்பதற்கான குழு அது. இருபது நாட்களில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்தது, திருமண நாள் வாழ்த்து வந்தது, ஒருவர் வீட்டு மாடு கன்று போட்ட படம்கூட வந்தது. சந்தேகம் மட்டும் வரவில்லை.

போடிமெட்டுச் சாலையில், தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் ஏறித்தான் ரமீஸா பள்ளிக்கூடம் போவாள். அங்கே பத்து லேப்டாப்கள் இருந்தன. அவள் எடுக்கும் இரண்டைத் தவிர மற்ற எட்டும், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கலையாமல் பீரோவில் கிடந்தன.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை கல்வி அலுவலர் வருகிறார். மூன்று ஆசிரியர்களும் லேப்டாப்பில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பத்தும் டவுன் பள்ளிக்குப் போய்விடும்.

தலைமையாசிரியர் முத்துக்கண்ணனுக்கும் பொன்னுமணி டீச்சருக்கும் அதைத் திறக்க மட்டுமே தெரியும். குழுவில் கேளுங்கள் என்றாள் ரமீஸா. பொன்னுமணி குரலைத் தாழ்த்தினார்.

"அதுல எங்க சம்பந்தி இருக்காரும்மா. பொண்ணக் குடுத்த எடத்துல என் லட்சணம் தெரியணுமா?"

முத்துக்கண்ணன் சாரின் சங்கடம் வேறு. குழுவில் ஒன்பது பேர் அவரிடம் படித்தவர்கள். தான் காதைத் திருகிய பிள்ளைகளிடம் போய் எதைக் கேட்பது?

அன்று மாலை ரமீஸா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் கணவன் ரஃபி ஏலக்காய் வியாபாரி. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏலத்துல காயப் பாக்கும்போது யாரு தோட்டம்னா கேக்குறோம்? குவியலுக்கு ஒரு லாட் நம்பரு, காயி, அம்புட்டுத்தான். சந்தேகத்த எல்லாம் எனக்கு அனுப்பச் சொல்லு. நான் பேர எடுத்துட்டு லாட் நம்பர் போட்டுக் குழுவுல விடுறேன்."

"நீங்க வாத்தியாரே இல்லையே, மச்சான்."

"அதான் வேணும். எனக்கு எந்த வாத்தியாரும் சம்பந்தி இல்ல."

மறுநாள் ரஃபி குழுவில் சேர்ந்தான். மதியத்துக்குள் ஆறு லாட்டுகள், இருட்டுவதற்குள் பன்னிரண்டு வந்துவிட்டன. நாலாம் லாட், மூடியை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா எரிகிறதா என்று கேட்டது. ஒன்பதாம் லாட், பிள்ளைகள் தனக்கு முன்பே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அவர்களைத் தாமதப்படுத்த வழி உண்டா என்றது. யார் கேட்டது என்று தெரியாததால் எல்லோரும் போட்டி போட்டுப் பதில் சொன்னார்கள்.

பதினோராம் லாட் இப்படி இருந்தது: 'பொருள்: படம் அளவுக்கு மீறிப் பெரிதானமை குறித்து. மேற்படிப் படத்தைச் சிறிதாக்கத் தக்க வழிகாட்டுதல் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

அதற்குப் பதினெட்டுப் பதில்கள். பதினெட்டும் 'ஐயா' என்று தொடங்கின.

"பதினோராம் லாட்ட மட்டும் ஏம்மா எல்லாரும் ஐயாங்குறாங்க?" என்று முத்துக்கண்ணன் கேட்டார்.

"நல்ல காயா இருக்கும் சார்," என்றாள் ரமீஸா.

வெள்ளிக்கிழமை அலுவலர் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். ரமீஸாவின் பாடம் நன்றாக முடிந்தது. அடுத்து முத்துக்கண்ணன் மேகம் மழையாகும் படத்தைத் திறந்தார். மேகம் வந்தது. மழை வருவதற்குள் திரையிலிருந்த அம்புக்குறி காணாமல் போனது. அவர் தடவினார், தட்டினார், ஊதியும் பார்த்தார். அலுவலர் பேனாவைத் திறந்தார். ரமீஸா எழுந்தாள். சார் அவளைக் கையமர்த்திவிட்டு, போனை எடுத்து உரக்கப் பேசிக் குழுவில் பதிவிட்டார்.

"நான் முத்துக்கண்ணன். பதினோராம் லாட்டும் நாந்தேன். அம்பக் காணோம், பிள்ளைக பாத்துக்கிட்டு இருக்கு. வெரசாச் சொல்லுங்கப்பா."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேல் வரிசையில் விரல் படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள் ஐயா என்று அவருடைய பழைய மாணவி ஒருத்தி எழுதினாள். அழுத்தினார். அம்பு வந்தது, மழை பெய்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்குள் குழுவில் மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். நாலாம் லாட் பொன்னுமணியின் சம்பந்தி.

பொன்னுமணி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

பாதிப் பாடத்திலேயே, பத்தும் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அலுவலர் எழுந்தார். வெளியே அவருடைய ஜீப் இரண்டு முறை ஹார்ன் அடித்தது.

"உக்காருங்க சார்," என்றார் பொன்னுமணி. "இன்னும் மூணு படம் இருக்கு."