நம்மை ஜெயித்த எட்டு அணிகள்

டால்பர்ட் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் நாற்பத்தோரு வருடம் சங்கிலி பிடித்தவன் நான். பத்து கஜச் சங்கிலி, இரண்டு முனையிலும் கம்பு. நான்கு முயற்சிக்குள் பந்து பத்து கஜம் நகர்ந்ததா இல்லையா என்று அதை வைத்துத்தான் அளப்பார்கள். அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதோடு பழகியவன் என்பதால் என்னையும் நம்பலாம்.

இது 1974 ஏப்ரலில் நடந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் எங்கள் அணி பதினோரு ஆட்டம் ஆடி எட்டில் தோற்றிருந்தது. மிசிசிப்பியின் எங்கள் பக்கத்தில் அப்படித் தோற்ற கோச், முடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து மாவட்டத்துக்குப் போவதுதான் வழக்கம். எங்கள் கோச் ஹாலிஸ் டார்ப்ளி மட்டும் பிடிவாதமாக உள்ளூரிலேயே வெட்டிக்கொண்டார். காதில் இரண்டு தையல்.

அவரை விரட்டத் துடித்தவர் டர்வுட் காஸ்கின். கோழித் தீவன ஆலை முதலாளி, கல்லூரி நிர்வாகக் குழுவின் தலைவர். மூன்று மாநிலம் சுற்றி இருபத்திரண்டு ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். பொறுக்கியதில் குறை சொல்ல முடியாது. பர்னெல் ஓடம் என்பவனை ஆலையில் லாரி நிறுக்கும் மேடையில்தான் எடை பார்த்தார்கள். பேருந்தில் அவன் வலப்பக்கம் உட்கார்ந்தால், ஓட்டுநர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே ஓட்டினால்தான் வண்டி நேராகப் போகும். பந்து வீசும் பையன் செவ்வாய்க்கிழமை வீசிய பந்து ஒன்று வியாழக்கிழமை தபாலில் திரும்பி வந்தது.

ரூபியின் காப்பிக் கடையில் ஒருநாள் காலை, ஊரே கேட்கும்படி காஸ்கின் சொன்னார்: "ஹாலிஸு, இந்த இருபத்திரெண்டு பேரை வச்சுக்கிட்டு எட்டு தடவை தோக்கணும்னா அதுக்குன்னு ஒரு திறமை வேணும்யா. சும்மா அவுத்து விட்டாலே ஜெயிப்பானுங்க. என் ஆலை நாய்கூட கோச்சா நிக்கலாம்."

டார்ப்ளி நிமிரவில்லை. பிஸ்கட் என்று எங்கள் பக்கம் சொல்லும் மெத்து ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார். "நாய் எதுக்கு? நீயே நில்லு. வசந்த ஆட்டத்துல."

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை எங்கள் அணி இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடும். ஜெயித்தவர்களுக்கு மாட்டுக்கறி ஸ்டேக், தோற்றவர்களுக்கு வெறும் பீன்ஸ். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சிநேகம் வளர்வதற்காக என்று சொல்வார்கள்.

"அந்த இருபத்திரெண்டு பேரும் உனக்கு, மிச்சம் எனக்கு. தோத்தா திங்கக்கிழமை சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன். ஜெயிச்சா ரெண்டு வருஷம் நீ பயிற்சிப் பக்கம் தலை காட்டக் கூடாது."

"சமமா முடிஞ்சா?"

"முடிஞ்சாலும் போறேன்."

ரூபி கெட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள். "கோச், நான் காப்பியில எதையாச்சும் மாத்திப் போட்டுட்டேனா?"

டார்ப்ளிக்கு அது ஐந்தாவது ஊர். நான்கு ஊரில் துரத்தியிருந்தார்கள். இன்னொரு தடவை பாத்திரம் கட்ட முடியாது, வேண்டுமானால் நீங்கள் மட்டும் போங்கள் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள். அதனால் அவர் ஜெயித்தே ஆகவேண்டும்.

மிச்சம் என்று அவர் சொன்னது இருபத்தாறு பேர். சனிக்கிழமைகளில் பெஞ்சைத் தேய்ப்பது அவர்கள் வேலை. வாரநாளில் வேறு வேலை. அடுத்து எந்தக் கல்லூரியோடு ஆட்டமோ, அந்தக் கல்லூரியின் நிறத்தில் சட்டை மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கல்லூரி ஆடும் விதத்தை கோச் அட்டையில் படமாகப் போட்டுக் கொடுப்பார். அட்டையைப் பார்த்து அப்படியே ஆடிக் காட்ட வேண்டும். அந்த இருபத்திரண்டு பேர் இவர்கள் மேல் முட்டிப் பழகிக்கொள்வார்கள். வாரம் ஒரு வேஷம் போட்டுப் போட்டுச் சிலருக்குப் புத்தியே கலங்கிவிட்டது. ஒருவன் நவம்பரில், பார்த்தே இராத ஒரு ஊரை நினைத்து வீட்டு ஞாபகம் வந்து அழுதான்.

இவர்களுக்குப் பந்து வீசுபவன் லானி க்ராப்ட்ரீ. மருந்துக்கடைப் படிப்புக்கு வந்தவன். தலைக்கவசம் மாட்டினால் உள்ளே ஆள் இருக்கிறானா என்று தட்டிப் பார்க்கத் தோன்றும்.

ஆட்டம் தொடங்கியது. பைன் மகரந்தம் மஞ்சளாகப் படிந்த மைதானம். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பர்னெல் கூப்பிட்டான்: "டேய் லானி, இன்னைக்கு யார் வேஷம்டா?"

"உன் மாமனார் வேஷம். ஒழுங்கா நில்லு," என்றான் லானி. அடுத்த நொடி அவன் பர்னெலுக்கு அடியில் இருந்தான்.

பாதி ஆட்டம் முடிந்தபோது பதினாலுக்குப் பூஜ்யம். காஸ்கின் கோச்சாகச் செய்தது ஒன்றுதான். "முட்டுங்கடா!" என்று கத்தினார். முட்டினார்கள், போதுமானதாக இருந்தது.

இடைவேளையில் நான் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். இருபத்தாறு பேரும் புல்லில் சரிந்து கிடந்தார்கள். டார்ப்ளி முன்னும் பின்னும் நடந்தார்.

"நம்ம ஆட்டத்தையே ஏன்டா இப்படிக் கோட்டை விடறீங்க? வருஷம் பூராப் பாத்த ஆட்டம்தானே?"

லானி மூக்கிலிருந்து மண்ணை எடுத்துவிட்டுச் சொன்னான்: "பாத்தோம் கோச், ஆடினதில்லையே. நம்ம ஆட்டத்த நீங்க எங்களுக்குச் சொல்லியே குடுக்கல. மத்தவங்க ஆட்டம் பதினொண்ணும் தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவோம்."

டார்ப்ளியின் முகம் மாறியது. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். எழுந்தபோது குரல் வேறாக இருந்தது.

"அப்ப சரி. நம்மள ஜெயிச்ச எட்டு டீமு இருக்கே, அந்த எட்டாவும் ஆடுங்க. வரிசை உங்க இஷ்டம்."

இரண்டாம் பாதியில் மைதானத்தில் இறங்கியது டால்பர்ட் கல்லூரியே இல்லை. முதல் முயற்சியில் ஆற்றுக்கரைக் கல்லூரி. அடுத்ததில் மெதடிஸ்ட் சபைக் கல்லூரிக்காரர்கள். அதற்கடுத்து, எங்களை நாற்பது புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கிய ஆசிரியர் கல்லூரி. இருபத்திரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "யாருடா இவனுங்க?" என்று ஒருவன் கேட்டான். "போன அக்டோபர் திரும்ப வந்துடுச்சுடா!" என்று இன்னொருவன் அலறினான்.

காஸ்கின் ஓரக்கோட்டில் ஓடினார். "முட்டுங்கடா!"

"யாரை முட்டறது சார்? சொல்லுங்க!" என்றான் பர்னெல். காஸ்கினுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் கால்பகுதியில் ஏழு புள்ளி. முடிய ஒன்பது வினாடி இருக்கையில் இன்னொரு ஆறு. பதினாலு, பதின்மூன்று. ஆறு எடுத்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு: பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி, சமம். மூன்று கஜ தூரத்திலிருந்து கடைசிக் கோட்டுக்குள் கொண்டுபோனால் இரண்டு.

"கோச், உதைக்கவா?" என்று உதைப்பவன் எழுந்தான்.

"உக்காரு. உதைச்சாலும் எனக்கு வேலை போயிடும்."

லானி பந்தை வாங்கினான். எதிரே பர்னெல், கதவை அடைத்த பீரோ மாதிரி. லானி அவன் முகத்தையே பார்த்தான். மற்றவர்கள் இடப்பக்கம் பாய, இவன் மட்டும் தனியாக வலப்பக்கம் ஓடினான். பர்னெலும் அவர்கள் பக்கமே பாய்ந்திருந்தான். லானி நடந்தே கோட்டைத் தாண்டினான். பதினைந்து, பதினாலு.

மேசையில் பீன்ஸ் தட்டின் முன்னால் காஸ்கின். எதிரே ஸ்டேக்கோடு டார்ப்ளி. இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு காஸ்கின் ஆரம்பித்தார்.

"ஹாலிஸு, இப்படி ஆடற பயல மூணு வருஷமா பெஞ்சுல உக்கார வச்சிருந்தியே, நீயெல்லாம் ஒரு கோச்சா? இன்னைக்கும் ஜெயிச்சது திறமைதான்யா. அது உன் கண்ணுல படல, அவ்வளவுதான்."

டார்ப்ளி கத்தியைக் கீழே வைத்தார்.

"லானி, கடைசியில வலப்பக்கம் போகலாம்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பர்னெல் எனக்கு இடப்பக்கமா பாயறதுன்னா நாக்க வெளியே நீட்டுவான், கோச்."

"நானா?" என்றான் பர்னெல்.

"எத்தனை நாளா உனக்கு இது தெரியும்?"

"மூணு வருஷமா. தினம் அவன் அடியிலதானே கெடக்கறேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே கோச். அட்டைய நீட்டுவீங்க, ஆடுவோம்."

டார்ப்ளி தட்டைத் தள்ளி வைத்தார். ஒரு மனிதன் அவமானத்தை மென்று விழுங்குவதை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் ஸ்டேக்கைத் தொடாமல் விழுங்கியவர் இவர் ஒருவர்தான். பிறகு காஸ்கினை நேராகப் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான், டர்வுட். அதுக்காக நான் போகப் போறதில்ல. பந்தயத்துல ஜெயிச்ச அந்த ரெண்டு வருஷம் எனக்கு வேணும்."

சட்டைப்பையிலிருந்து ஆட்ட அட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். நாற்காலியை இழுத்துப்போய் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பையன் ஒருவன் முன்னால் போட்டார். அந்தப் பையன் அதுவரை கோச்சிடம் வாயே திறந்ததில்லை. கோச்சுக்கு அவன் பெயர் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

"சொல்லு. உனக்கு என்னென்ன தெரியும்?"

பையன் வாயிலிருந்ததை விழுங்கினான். "எதுலேர்ந்து ஆரம்பிக்கறது கோச்?"

"முதல்ல உன் பேர்லேர்ந்து."