களஞ்சியத்துப் பூனைகள்

"தீர்ப்ப மாத்துங்க கவுண்டரே."

அம்சவல்லி ஊர்க்கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டேவிட்டாள். வரும் வழியெல்லாம் அவள் அம்மா சின்னக்குழந்தை கெஞ்சியது இந்த ஒன்றுக்காகத்தான். அழு, புகார் சொன்ன கோவிந்தனை நாலு வார்த்தை ஏசு, தீர்ப்பை மாற்றச் சொல்லி மட்டும் கேட்காதே. ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் மாற்றச் சொல்லி இந்த மலையில் ஆம்பளைகூடக் கேட்டதில்லை.

சடையக் கவுண்டர் முந்தாநாளே துண்டை உதறிவிட்டார்.

விதைச் சாமையை ஊர்ப் பொதுவில் கொட்டிவைக்கும் களஞ்சியத்துக்கு அடியில் பூனைகள் குடியிருந்தன. யாரும் வளர்க்கவில்லை, தானாக வந்து தானாகப் பெருகி, எலி பிடித்துக்கொண்டிருந்தன. மாடு ஓட்டிக்கொண்டு திரும்பும்போது சின்னக்குழந்தை மீந்த கூழை ஓர் ஓட்டில் ஊற்றிவிட்டுப் போவாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். கோவிந்தன் வீட்டுக் கோழிக்குஞ்சுகளைப் பூனை தூக்கியதும் ஊர்க்கட்டு என்கிற பழைய சட்டம் எழுந்து நின்றுவிட்டது. கேட்பாரற்ற பிராணிக்குக் கடைசியாகச் சோறு வைத்தவர் யாரோ அவரே அதற்கு உடையவர். அது செய்யும் கேடும் அவர் தலையில். ஆகவே அத்தனை பூனைகளையும் சின்னக்குழந்தை சாக்கில் கட்டி, மலைக்குக் கீழே சந்தவாசல் பக்கம் விட்டுவிட்டு வர வேண்டும். அதுவரை அவள் கொல்லைக்கு ஒருவரும் அறுப்புக்குப் போகக் கூடாது.

கொல்லையில் சாமை முற்றித் தலைசாய்ந்து நின்றது. வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் அறுத்துக் கரையேற்றுகிற கொல்லையா அது? ஒரு மழை அடித்தால் வருஷச் சோறு மண்ணோடு போகும்.

பூனைகளைக் கொண்டுபோய் விட்டால் தீர்ந்ததே என்றால், முன்பு ஒரு தடவை அதையும் செய்து பார்த்தவர்கள்தான் இவர்கள். அந்த வருஷம் எலிகள் விதைச் சாமையை உமியாக்கிவிட்டன. பக்கத்து ஊரில் போய்க் கையேந்தி விதை வாங்கினார்கள். சாமி குற்றம் என்று பொங்கல் வைத்தார்களே தவிர, பூனை என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

அம்சவல்லி எடுத்தாள். "எலி பிடிக்கிறப்போ ஊர்ப் பூனை, குஞ்ச தூக்குனா எங்கம்மா பூனையா? இது இன்னா சட்டம்? வூட்டுக்கு ஒரு நாளுன்னு முறை வெச்சு கூழு ஊத்துனா அதுங்க ஏன் கோழிகிட்ட போவுது?"

"பி.ஏ. படிப்பு வீண் போவல," என்றான் கோவிந்தன். "பூனைக்கு வக்கீலு கெடச்சிட்டாங்க."

கூட்டம் சிரித்தது. வேலூர்க் கல்லூரியில் 'மலைக்காரி' என்று சீண்டியவர்களுக்கெல்லாம் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்த வாய் அவளுடையது. அங்கே எதிரில் ஆட்களாவது இருந்தார்கள். இங்கே கவுண்டர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது மேலே பேசியிருக்கலாம்.

"சின்னக்குழந்த," என்றார் அவர் அம்மாவிடம். "பொண்ணு நல்லா பேசுது. வூட்டுக்குக் கூட்டிக்கினு போ."

அம்மா அதற்குள் மண்ணில் விழுந்துவிட்டாள். சாக்கில் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன், ஏதோ தெரியாமல் பேசிவிட்டது என்று புலம்பினாள். அம்சவல்லிக்கு யார்மேல் அதிக ஆத்திரம் என்று தெரியவில்லை. கவுண்டர் மேலா, விழுந்து கிடக்கிற அம்மா மேலா? இப்படித்தான் முடியும் என்று காலையில் தலைவாரும்போதே அவளுக்குத் தெரியும். முடிந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே தீர்மானித்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க கவுண்டரே. கடைசியா சோறு வெச்சவங்களுக்குத்தான பூனை?"

"ஆமா. அதான் கட்டு."

"அது மாறாதில்ல?"

"எங்கப்பன் காலத்துலயே மாறல."

கூட்டத்துக்கு வந்தவர்கள் குடிக்க ஒரு பானையில் கூழ் வைத்திருந்தார்கள். அம்சவல்லி குனிந்து ஒரு சொம்பு மொண்டாள்.

"அப்போ இத ஊத்திட்டா பூனைங்க என்னுது. எங்கம்மாளுது இல்ல. நான் சாக்குல கட்ட மாட்டேன்."

கவுண்டர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "உன்ன சேத்துக்கிற வூட்டுக்கும் அறுப்புக்கு ஆளு போவாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க. அதான் வூட்டுக்குப் போகல. பள்ளிக்கூடத்துல படுத்துக்கிறேன். அது சர்க்கார் கட்டடம், உங்க கட்டு அங்க வராது. நாளைக்கு எங்கம்மா கொல்லைக்கு ஆளு அனுப்புங்க. உங்க கட்டுப்படி அனுப்பித்தான் ஆவணும்."

சின்னக்குழந்தை எழுந்து, முந்தானையில் மண் ஒட்டியிருக்க, "அம்சா, வேணாம்டி" என்றாள். அந்தக் குரலுக்குத் திரும்பினால் கால் நின்றுவிடும்.

வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள். சொம்பிலிருந்து கூழ் தளும்பிக் கையெல்லாம் வழிய, அம்சவல்லி கூட்டத்தைக் கடந்து களஞ்சியத்தைப் பார்த்து நடந்தாள்.