போக மட்டும் சைக்கிள்

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து லேடி டாக்டர் காட்டியபோது காலை எட்டு மணி. "மூச்சுப்பை இன்னும் சரியா வளரலைங்க. பட்டணத்துக்குத் தூக்கிட்டு ஓடினாலும் இதேதான். மத்தியானம் வரைக்கும் தாங்கினா பெரிசு," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராயப்பன் பிள்ளையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவன் மனசு அதற்குள் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு ஓடிவிட்டது.

மதிலுக்கு உள்ளே அல்ல, வெளியே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய தலைச்சன் பிள்ளை செத்தே பிறந்தது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை என்று மதிலுக்கு வெளியே எருக்கஞ்செடி ஓரமாகப் புதைத்தார்கள். சிலுவை கிடையாது. கல்லறைத் திருநாளன்று ஊரே உள்ளே மெழுகுவத்தி ஏற்றும்போது அவனும் ஞானகுமாரியும் மட்டும் வெளியே நிற்பார்கள். எந்த இடம் என்பதே இப்போது தெரியாது. இந்தப் பிள்ளையும் அங்கே போய்விட்டால் ஞானகுமாரி தாங்கமாட்டாள். அவனும்தான் தாங்கமாட்டான்.

சாமியார் வந்து பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நேரம் கெட்டால் எல்லாமே சேர்ந்தல்லவா கெடுகிறது! அந்த வாரம் ஆவடி வட்டாரத்துச் சாமியார்கள் அத்தனை பேரும் பூந்தமல்லியில் மௌன தியானத்தில் இருந்தார்கள். போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. போதாக்குறைக்கு அன்று பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தவனைப் பருத்திப்பட்டிலேயே மறித்து, வால்வைப் பிடுங்கி எறிந்து, "வூட்டுக்குப் போய்யா" என்று விரட்டினார்கள். கையைப் பிடித்துக் கெஞ்சியும் பார்த்தான். எவன் காதிலும் ஏறவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் சுலைமான் நின்றிருந்தான். டாங்கி பேக்டரியில் பக்கத்து மெஷின், குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. ராயப்பன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நம்ம லைன்லயே ஒரு பாதிரி கீறாரே, அந்த மீசைக்காரரு. அவராண்ட சொன்னா இன்னா?"

"அவர் வேற சபைடா. எங்க சாமியார்தான் வரணும்."

"இந்த நேரத்துல சபை பாக்குற பாரு!" என்று கடிந்துகொண்டாலும், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, லீவ் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தான் சுலைமான். "கேளு மாமே. ரோட்டுல போனாத்தான மறிப்பானுங்க? ரயிலு ஓடிகினுதான் கீது. ஒம்போது பத்துக்கு ஒரு வண்டி. என் சைக்கிள எடுத்துக்க, கீரக்காரங்க ஏறுற வெண்டர் பொட்டில ஏத்திக்க. அம்பத்தூர்ல எறங்கு. அங்கேர்ந்து ரோடே வோணாம். அயனம்பாக்கம் ஏரிக்கரை மேலயே போ. கூவத்துல எறங்கி ஏறினா வானகரம். அப்பால வயலோரமாவே மேக்கால வுடு. பதினோரு மணிக்குள்ள பூந்தமல்லி."

"திரும்பி வர்றது?"

"வர்றதுக்கு சைக்கிள் இன்னாத்துக்கு? சாமியாராண்ட மோட்டார் பைக் கீதுல்ல? அங்கிய போட்டுகினு நேர் ரோட்டுல வந்தார்னா எவனும் தொட மாட்டான். போக மட்டும்தான் சைக்கிள். அது அங்கியே கெடக்கட்டும், நீ கெளம்பு."

ராயப்பன் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வார்டை எட்டிப் பார்த்தான். ஞானகுமாரி பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆயா நாகம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, இங்க ஒரு நிமிஷம் வாங்களேன்," என்றாள் ஞானகுமாரி.

"பேச நேரமில்ல குமாரி. சாமியாரக் கூட்டிட்டு வந்துர்றேன்."

"ஒரே ஒரு நிமிஷங்க..."

அவன் ஓடிவிட்டான். ஒரு நிமிஷம் நின்றிருந்தால் என்ன, குடியா முழுகிப்போயிருக்கும்? நிற்கவில்லை.

ஒன்பது பத்து வண்டி சரியாக வந்தது. திருமுல்லைவாயிலில் நின்றதுதான், நகரவே இல்லை. நாலைந்து பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வெண்டர் பெட்டியில் கீரைக்கூடைகளுக்கு நடுவே சைக்கிளைப் பிடித்தபடி அவன் ஒவ்வொரு நிமிஷமாகச் செத்துக்கொண்டிருந்தான். இருபது நிமிஷம் அங்கேயே போயிற்று.

அம்பத்தூரில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிப் படியேறினான். தெருக்களைத் தாண்டி ஏரிக்கரை வந்ததும் உயிர் வந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. சித்திரை வெயிலில் ஏரி பாதிக்கு மேல் காய்ந்து கிடந்தது. எழுந்து நின்று மிதித்தான். கால் மைல்கூடப் போயிருக்கமாட்டான், வேலிகாத்தான் முள் முன் டயரில் ஏறிவிட்டது. புஸ்ஸென்று காற்றுப் போனது. "மாதாவே, மாதாவே" என்று வாய்விட்டு அழுதுகொண்டே வெறும் சக்கரத்தில் மிதித்தான். வண்டி குதித்த குதியில் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

கூவத்தில் முழங்கால் அளவுக்குக் கறுப்புச் சேறு. நடு ஆற்றில் வழுக்கி, சைக்கிளோடு விழுந்தான். செருப்பு இரண்டும் சேற்றோடு போயின. கரையேறிப் பார்த்தால் முன்சக்கரம் வளைந்து கிடந்தது. எங்கோ சங்கு ஊதியது. மணி பதினொன்று. சைக்கிளை அங்கேயே ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டு, வரப்பிலும் தரிசிலும் வெறுங்காலோடு ஓடினான்.

தியான வீட்டுக்குள் அவன் சேறும் ரத்தமுமாக நுழைந்தபோது பகல் பன்னிரண்டாகப் போகிறது. மரத்தடியில் மௌனமாக நடந்துகொண்டிருந்த ஜோசப்ராஜ் சாமி அவனைக் கண்டதும், "ராயப்பா! என்னடா இது கோலம்?" என்று கத்திவிட்டார். விஷயத்தைக் கேட்டவர் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. பைக்கைக் கிளப்பி அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

வேகத்தைக் குறைக்காமலே தலையைத் திருப்பிக் கேட்டார்: "ஏம்ப்பா, அவசரத்துக்கு நீயே தண்ணி ஊத்தியிருக்கலாமே. உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஐயோ, தெரியுமே! சாவு நேரத்தில் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உபதேச வகுப்பில் கேட்டபோது, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்து, மாதா படம் பரிசு வாங்கியவன் அவன். அந்த மீசைக்காரப் பாதிரி ஊற்றியிருக்கலாம். நாகம்மா ஊற்றியிருக்கலாம். ஏன், சுலைமானே ஊற்றியிருக்கலாம்! தலைச்சன் பிள்ளை நினைப்பில் புத்தி மரத்துப்போய், சாமியார், சாமியார் என்று ஆறு, ஏரி எல்லாம் தாண்டி ஓடியிருக்கிறான். சாமியாரின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். பருத்திப்பட்டில் அங்கியைப் பார்த்ததும் கல்லை நகர்த்தி வழிவிட்டார்கள்.

வார்டு வாசலிலேயே நாகம்மா நின்றிருந்தாள். "பதினோரு மணிக்குப் பூட்ச்சுப்பா," என்றாள்.

ஞானகுமாரி பிள்ளையைக் கீழே விடவில்லை. சாமியாரைப் பார்த்ததும், "சாமி, நானே தண்ணி ஊத்திட்டேன். தப்பில்லையே?" என்றாள்.

"தப்பே இல்லம்மா. செல்லும். உள்ளேயே அடக்கம் பண்ணலாம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "நீங்க போனதுமே ஊத்திட்டேன். நாகம்மாக்கா டம்ளர்ல தண்ணி குடுத்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் நானும் இவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தோம். கண்ணைத் தொறந்து தொறந்து பார்த்தான்."

ராயப்பன் கட்டிலருகே வந்தான்.

"பேரு கேக்கத்தான் உங்களக் கூப்பிட்டேன்," என்றாள். "தண்ணி ஊத்தறப்ப பேரு சொல்லணுமே."

"என்ன பேரு சொன்ன?"

"அந்த நேரத்துல வேற எதுவும் வரல. உங்க பேரைத்தான் சொன்னேன்."

பிள்ளையை அவன் பக்கம் நீட்டினாள். அவன் தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் கூவத்துச் சேறு. நாகம்மா அதே டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து அவன் கையில் ஊற்றினாள். கழுவிக்கொண்டு மகனை வாங்கி, முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தான்.